பதினோரு பெயர்

வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி எங்களை மலை ஏற்றும்.
சனிக்கிழமை. சம்பளம் கிடையாது.
வராவிட்டால் திங்களன்று ஏனென்று கேட்பார்கள்.

வனப்பூங்கா வாசலில் மேனேஜர் பியோன் தலை எண்ணினார்.
தன்னையும் சேர்த்துப் பத்து.
மறுபடி எண்ணினார், பத்துதான்.
போன வருஷத்துக் கணக்கு
இன்னும் அவர் விரலில் ஒட்டியிருந்தது.

சோற்றுக் குக்கருக்கு காஸ்கெட் செய்கிறவர்கள் நாங்கள்.
ஆவி கசியாமல் பார்த்துக்கொள்வது தொழில்.
ஜூனில் அச்சு இயந்திரம் ஒரு பையனின் கையைச் சுட்டபோது
சென்சாரை அணைத்து வைத்து இரண்டு மாதமாகிறது
என்று ஒருவர் மட்டும் அதிகாரியிடம் சொன்னார்.
டாக் சொங்-கு. பதினாறு வருஷ சர்வீஸ்.
அதிகாரி எங்களிடம் தாள் நீட்டினார்.
'தெரியாது' என்று எழுதிக் கொடுத்தோம்,
பத்துப் பேரும்,
ஓர் எழுத்துப் பிழையில்லாமல்.

பாதையெங்கும் ஓக் மரங்கள்.
கொட்டைகள் விழும் சத்தம்
யாரோ மேசையில் விரல் தட்டுவது போல.
'பொறுக்காதீர்கள், இது அணிலின் குளிர்காலச் சோறு'
என்றது பலகை.
தெரியாமல் எடுத்துவிட்டவர்கள் திருப்பிப் போட
அருகிலேயே ஒரு மரப்பெட்டி.
கும்-ஹீயின் ஜாக்கெட் பை இரண்டும் உப்பியிருந்தன.
ஒரு தட்டு கொட்டைக் களிக்கு ஆகும் என்றாள்.

மேகக் கிணற்றுக் கோயிலின் இரண்டாம் வாசலில்
கண் பிதுங்கிய காவலர் நால்வர்.
ஒருவர் காலடியில் நசுங்கிக்கிடந்த பேய்
எங்கள் கணக்குத் தணிக்கையாளரின் ஜாடை என்று
சொல்லிச் சிரித்தோம்.
அதுதான் அன்றைய கடைசிச் சிரிப்பு.

கூரை மாற்றுகிறார்கள்.
பத்தாயிரம் வோன் கொடுத்தால் ஒரு கறுப்பு ஓடு,
வெள்ளைப் பெயின்ட், நுனி கலைந்த பிரஷ்.
பேரை எழுதலாம், கீழே ஒரு வேண்டுதலும்.
மேனேஜர் உற்பத்தி இலக்கை எழுதினார்.
நான் மகளின் பரீட்சையை எழுத இடம் தேடி
காய்ந்த ஓடுகளின் அடுக்குப் பக்கம் குனிந்தேன்.

மேலிருந்து மூன்றாவதில் எங்கள் பெயர்கள்.

ஷிஃப்ட் அட்டவணையில் இருக்கும் அதே வரிசை.
முதலில் பியோன். ஆறாவது கும்-ஹீ.
ஏழாவதாகத் தன் பெயர்,
இன்னும் அங்கேதான் நிற்பது போல.
எட்டாவது நான்:
'ஹ்யே-ரன்' இல்லை, 'ஹே-ரன்'.
என் முதல் அடையாள அட்டையின் பிழை.
அதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கூப்பிட்டவர்
அவர் ஒருவர்தான்.
தேதி, போன செவ்வாய்.
வேண்டுதல் எழுத வேண்டிய இடம் காலி.

நல்லா இருக்கட்டும் என்று வந்தாரா,
இவர்கள்தான் என்று
புத்தரிடம் ஆள் காட்டிவிட்டுப் போனாரா?
எழுத்து மட்டும் நிதானமாக இருந்தது.
பெயின்ட் ஓரிடத்திலும் வழியவில்லை.

மேனேஜர் பர்ஸைத் திறந்தார்.
'இந்த ஓட்டை நான் எடுத்துக்கொள்ளலாமா,
என்ன விலையானாலும்?'
மேசையிலிருந்த தொண்டர் அம்மாள்
ரசீதுப் புத்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை.
'ஆளாளுக்குத் திருப்பிக் கொடுத்தால்
கூரை ஒழுகும்.
கவலைப்படாதீர்கள்,
மேலே அடுத்த ஓடு வந்து மூடிக்கொள்ளும்.
மழைக்குக்கூடத் தெரியாது.'

தெரியாது.
அந்தச் சொல்லை அவள் எங்கே பிடித்தாள்?

மகளின் பரீட்சையை நான் எழுதவில்லை.
பிரஷை டின்னில் வைத்தபோது
விரலில் ஒட்டிய வெள்ளை,
நீரூற்றில் தேய்த்தும் போகவில்லை.
இறங்கும் வழியில் பெட்டி முன் நின்று
கும்-ஹீ பைகளைக் கவிழ்த்தாள்.
கொட்டைகள் உருண்டு முடிக்க நேரம் பிடித்தது.
அவளுக்காக யாரும் நிற்கவில்லை, நான் நின்றேன்.
பிறகு பார்த்தால் எல்லாருமே நின்றிருந்தார்கள்,
கொஞ்சம் தள்ளி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

பஸ்ஸில் மேனேஜர் தலை எண்ணவில்லை.
'எல்லாரும் வந்தாச்சா?' என்றார் டிரைவர்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.
கண்ணாடியில் ஆவி படர்ந்தது.
டிரைவர் திரும்பிப் பார்த்து
இன்னொரு தரம் கேட்டார்.