எழுநூற்று நாற்பது அடி

ரிக் வண்டியின் கணக்கு நோட்டில்
இடப்பக்கம் அடிக்கணக்கு.
வலப்பக்கம், ஞாயிற்றுக்கிழமைத் தேர்வுக்கு எடுத்த குறிப்பு:
நவீன மெய்யியல், தாள் மூன்று.
டீசல் பட்டு எழுத்து ஊறிக் கிடக்கிறது.

வெள்ளகோவிலுக்குத் தெற்கே
கொழுக்கட்டைப் புல்லும் கருகிய காடு.
குருநாயகியம்மாளுக்கு இது மூன்றாவது குழி.

முதலில் சந்தேகம்.
மேல்மண் பொய், சுக்கான்கல் பொய்,
அசைத்தால் அசைகிற எதுவும் பொய்.
தள்ளித் தள்ளிக் கடைசியில் ஒருவர்
சந்தேகப்படுகிற தன்னையே பாறையாகத் தொட்டாராம்.
நாங்கள் எழுபதாவது அடியில் தொட்டோம்.
கேசிங் பைப்பை அதன்மேல் உட்காரவைத்தோம்.

தேங்காய் நட்டமாக நின்ற இடம் இது.
மீட்டர்காரர் காட்டியது அறுபதடி தள்ளி.
துளைபோடும் மாரப்பண்ணன் இரண்டையும் நம்புவதில்லை;
வெளியே வரும் மாவை உள்ளங்கையில் தேய்க்கிறார்.
சூடு. இன்னும் சூடு.
"கண்டதச் சொல்லோணும், காணாததச் சொல்லப்படாது."
காணாதது ஒன்று கீழே இருக்கிறது,
குழாய் வழியே வருவது மட்டும்தான் நமக்கு
என்கிற பாடம் அப்போதுதான் விளங்கியது.
தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் வராது.

ஐந்நூறுக்கு மேல் அடிக்கு நாற்பது ரூபாய் கூடுதல்.
வறண்டாலும் கம்பெனிக்குக் காசு.
புழுதி, சத்தீஸ்கர் துக்காலுவின் நெஞ்சுக்கு.
அந்த அத்தியாயத்தை நான்
இடப்பக்கத்திலேயே எழுதியிருக்கலாம்.

எழுநூற்று நாற்பது. புகைதான்.
"நிறுத்திப்போடலாங்களா?"
தேங்காய்க்காரர் போய்விட்டார்.
மீட்டர்காரர் போனை எடுக்கவில்லை.
கருப்பணசாமி கோயில் பூட்டியிருக்கிறது.
ஒற்றை வளையலைத் திருப்பித் திருப்பி
அம்மா "ஓட்டுங்க" என்றார்.
அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
இருத்தலியல் என்று எழுதி அடிக்கோடிட்டேன்;
வண்டி அதிர்வில் கோடு கோணிப்போனது.

விடிகாலை மூன்றரை. எண்ணூற்றுப் பன்னிரண்டு.
துக்காலு கத்தினான்: "பானி!"
அகராதி தேடி யாரும் ஓடவில்லை,
பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.
சொல்லின் பொருள் அந்த ஓட்டம்.

முக்கால் இஞ்ச் தண்ணீர்.
தென்னைக்குப் பத்தாது, மாட்டுக்கு ஆகும்.
ஆகிறதனால் உண்மையா, உண்மையானதால் ஆகிறதா?
பத்து மதிப்பெண் வினா.

குருநாயகியம்மாள் ஒரு கை அள்ளிக் குடித்தார்.
"சவரா இருக்குதுங்க" என்றார்.
கண்ணை மூடிக்கொண்டு
இன்னொரு கை குடித்தார்.

நிகழ்வியல் மட்டும் நான் படிக்கவில்லை.
அந்தப் பக்கங்கள் சேற்றில் ஒட்டிக்கொண்டன.