மூன்றாம் தரிப்பு

கடைசி சீட்டில் யாரோ விட்டுப்போன கிற்றாருக்கு
மூன்று மாதமாய் ஆள் வரவில்லை.
"நீயே வெச்சுக்கொள்" என்றார் முதலாளி,
போனில் டயர் விலை பேசியபடி.

உறைக்குள் ஒரு தாள்.
ஆறு கோடு, கட்டங்கள், கறுப்புப் புள்ளிகள்.
மூலையில் பென்சிலால்:
புதன், நாலு மணி, தவறக்கூடாது.
தவறியது யாரோ.

தந்தி ஐந்துதான் இருந்தது.
ஆறாவதுக்குத் தங்கூசி வாங்கி முடிந்தேன்.
"பாரை இழுத்தாலும் அறாது" என்றான் கடைக்காரன்.
உண்மைதான், அறவில்லை.
சுருதியிலும் நிற்கவில்லை.

பகலில் இந்த இடது கை
விரலிடுக்கில் ஐம்பது, நூறு, ஐந்நூறு செருகிக்கொண்டு
மேல்கம்பியில் தொங்கும்.
பதினோரு வருசக் கை.
எந்த நெரிசலிலும் மிச்சக்காசு தப்பாது.
இரவில் அதே விரல்கள்
மூன்றாம் கட்டத்தில் முட்டிக்கொண்டு நின்று
சின்னவன் எங்கே என்று
ஒன்றையொன்று கேட்கின்றன.

ஏறு. இறங்கு.
மறுகா ஏறு.
கரண்ட் போனாலும் ஏறு.
நுனித்தோல் தடித்துப்போய்
கைபேசிக்கே என் விரல் இப்போது அந்நியம்,
திறக்க மாட்டேன் என்கிறது.

முழு, முழு, அரை என்றான் வீடியோப் பொடியன்.
மறுகா முழு, முழு, முழு, அரை.
தலை கால் விளங்கவில்லை,
மறுநாள் ஆறரை பஸ்ஸில் நான் கூவும் வரை:

கிரான்குளம்
தாழங்குடா
ஆரையம்பதி காத்தான்குடி

மூச்சு விட இடமில்லை.
ஆரையம்பதிச் சீட்டைக் கிழிக்கிறேன்,
ஜன்னலில் காத்தான்குடி நிற்கிறது.
இதுதானா அரை!
நாவற்குடா, கல்லடி, பாலம் தாண்டி அரசடி.
அரசடி விட்டால் உடனே பஸ் நிலையம்,
அங்கே இன்னொரு அரை.
எட்டாவதில் முதலாவதே திரும்ப வரவேண்டுமாம்.
நிலையம் எப்படிக் கிரான்குளமாகும்?
அந்த இடத்தில் என் கணக்கு பிரேக் டவுன்.
பின்னேரம் பஸ் கிறுகும்தானே என்று
சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தாளின் மறுபக்கம்:
அதே ஏழு, எதில் தொடங்குகிறாயோ அது வீடு.
டோரியன், ப்ரிஜியன், லிடியன்,
மருந்துப் பெட்டிகளைப் போலப் பெயர்கள்.
"ஒரே சாமானுக்கு ஏழு பேரா,
கள்ளச் சாமானோ?" என்றான் நிப்றாஸ்,
ஸ்டியரிங்கை விடாமல்.

ஒன்றில் தொடங்கினேன்.
கஞ்சிபோட்ட வெள்ளைச் சட்டைகள்,
பள்ளிக்கூட நேரம்.
இரண்டில் தொடங்கினேன்.
மழை மூட்டம், ஆனால் கையில் குடை இருக்கிறது.

மூன்றில் தொடங்கினேன்.

முதல் அடியே அரை அடி.
ஏறிக் காலூன்றும் முன்னே அடுத்த ஊர்.
நான் ஆரையம்பதி, நிப்றாஸ் காத்தான்குடி.
சின்ன வயதில் எனக்குத் தெரியும்,
இந்த அரைக்குள் பஸ் வேகமெடுத்த வருசங்களை,
கண்ணாடி இறக்கிவிட்டு
எல்லோரும் தங்கள் செருப்பையே பார்த்திருந்ததை.
நான் அதை வாசிக்க நினைக்கவில்லை.
தாளில் இருந்த புள்ளிகளைத்தான் தொட்டேன்.

நிலையத்தில் சோற்றுப் பார்சல் அவிழ்க்கும் நேரம்
நிப்றாஸுக்கு வாசித்துக் காட்டினேன், பிழைகளோடு.
கேட்டான்.
பொரித்த மீனைப் பிய்த்துப் பாதியை
என் பக்கம் தள்ளினான்.
"இது நம்மட றோட்டுதான்" என்றான்.
மறுகா, "அந்தத் தங்கூசியக் கழட்டு,
காது கூசுது."

கழற்றவில்லை.
எங்கள் பஸ்ஸின் மணிக்கயிறும் தங்கூசிதான்.
ஒருதரம் இழுத்தால் நில், இருதரம் போ.
அந்த மணி எந்தச் சுரம் என்று
நேற்றிரவு தந்தியில் தேடிப் பார்த்தேன்.
மூன்றைவிடக் கொஞ்சம் மேலே,
நாலைவிடக் கொஞ்சம் கீழே.
அதற்குக் கட்டமே இல்லை.