ஞாயிற்றுக்கிழமை, குளியல் தொட்டியில்

சூஸ்ட் நகரில் ஞாயிறு கார் கழுவக் கூடாது.
நான் காரைக் கழுவவில்லை.
இருக்கைகளைக் கழற்றி, தரைக் கம்பளத்தை
ஒற்றைத் தோலாய் உரித்து
மூன்று மாடி இழுத்து வந்திருக்கிறேன்.

தொட்டியில் கிடக்கிறது பழைய ஒப்பலின் அடிவயிறு:
நடுவே ஒரு கூன், நாலு பள்ளம்,
கியர் கம்பிக்கு ஒரு ஓட்டை.
பிரேக் மிதிக்குக் கீழே
பனிக்கால வீதி உப்பு
வெள்ளையாய்க் கரை கட்டியிருக்கிறது.
அதற்கு வினாகிரி.
மற்றதற்குச் சுடுதண்ணீர்.

சேறு வரும் என்று பார்த்தால்
கஞ்சி வருகிறது.

கோதுமை மா.
பாண் தொழிற்சாலை, இரவு வேலை, ஏழு வருடம்;
சப்பாத்தில் ஒட்டி ஏறிய மா.
தேய்க்கத் தேய்க்க விரலோடு பிசைபடுகிறது.
இப்படியே விட்டால்
விடிவதற்குள் பொங்கிவிடும்.

முன் இருக்கை ரெஜினா மட்டும் அரைக் கிலோ தேறுவாள்.
பின்னால் இடப்பக்கம் செல்வமலர்:
சப்பாத்தைக் கழற்றிப் பையில் போட்டு
மடியில் வைத்துக்கொண்டுதான் வருவாள்.
"உன்ர கார் ஊத்தையாகும்."
இந்த டப்பாவா என்று
நாங்கள் பகிடி பண்ணுவோம்.

அவளுடைய பள்ளத்தில்
தண்ணீர் தண்ணீராகவே ஓடுகிறது.

பெப்ரவரியில் அவளை நிறுத்தினார்கள்.
அதன்பிறகு நான்
ஒரு ரெலிபோன்கூட எடுக்கவில்லை.
இருக்கை காலியானதில்
கால் நீட்ட இடம் கிடைத்தது என்று
ரெஜினா சொன்னபோது
சிரித்தும் இருக்கிறேன்.

நனைந்த கம்பளம் ஆள் கனம் கனக்கிறது.
பிழிய இன்னொரு சோடிக் கை வேண்டும்.
அவளுடைய இலக்கத்தைத் தேடுகிறேன்.
விரலெல்லாம் மா.
தொடுதிரை
என்னை அடையாளம் காண மறுக்கிறது.