செவலை

காலை ஆறரைக்குத் தொலைபேசி.
"மாற்றிப் போட்டுவிட்டாய்" என்றார் எண்டெல்.
வணக்கம்கூடச் சொல்லவில்லை.

வோரு மாவட்டத்துப் பிப்ரவரி.
பின்னிருக்கையில் சீட் பெல்ட் போட்டு
உட்காரவைத்திருக்கிறேன் நைட்ரஜன் கலனை.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
கலனுக்குள் மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு.
அந்தக் குளிருக்கு
எஸ்தோனியா ஓர் அடுப்பு.

கொட்டகையில் நின்றது,
பிறந்து மூன்று மணிநேரம்.
நான்கு கால்களும் இன்னும் தமக்குள் ராசியாகவில்லை.
தாய் காரி,
இந்தப் பக்கத்து மாடுகளைப்போல வெள்ளைத் திட்டோடு.
கன்று செவலை.
நனைந்த செங்கல்லின் நிறம்.

"காரிக்குக் காரிக் காளை கேட்டேன்.
காசும் கொடுத்தேன்.
எந்தக் களவாணியின் குழலை எடுத்தாய்?"

பதிவேட்டைப் பிரித்தேன்.
மே ஒன்பது.
குழல் எண், காளை எண், என் கையெழுத்து.
அந்தக் காளை செத்து எட்டு வருடம்.
படம் இருக்கிறது, அதுவும் கறுப்புதான்.
முப்பத்தேழு பாகை வெந்நீரில் அரை நிமிடம்,
அவ்வளவு போதும்,
செத்தவன் நீந்தத் தொடங்கிவிடுவான்.
தோள்வரை கையுறை மாட்டி
நான்தான் வழிகாட்டி அனுப்பினேன்.

சன்னல் கண்ணாடியில் உறைபனி.
நகத்தால் நான்கு கட்டம் கீறினேன்.
மேலே காளை தருவது, பக்கத்தில் பசு தருவது.
ஆளுக்கு இரண்டு சீட்டு.
கன்றுக்கு ஒன்றுதான் தரலாம்,
எது என்று தேர்ந்தெடுக்கவும் முடியாது.
கறுப்பு ஓங்கு. சிவப்பு ஒடுங்கு.
ஒடுங்கு என்றால்
ஒழிந்துபோனது என்று பொருளில்லை, எண்டெல்.
சத்தமாய்ப் பேசுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து
வாய் திறக்காமல் வருகிற பயணி.
அப்படி இரண்டு பேர் ஒரே கட்டத்தில் சந்தித்தால்
இதோ, இந்த நிறம்.

"நாலில் ஒன்று" என்றேன்.
"அப்படியானால் இனி மூன்று கறுப்பு வரும்."
"வரலாம். வராமலும் போகலாம்.
பகடைக்கு ஞாபகம் கிடையாது.
இதே காளை, இதே பசு என்றால்
அடுத்ததற்கும் நாலில் ஒன்றுதான்."

அவர் மூச்சு பட்டு
கீழ்வலது கட்டம் உருகி வழிந்தது.

பிறகு சொன்னார்,
நாற்பத்தொன்பதில், தனக்கு ஐந்து வயதில்,
வீட்டுச் செவலையைக்
கூட்டுப்பண்ணைக்கு ஓட்டிக்கொண்டு போனதை.
"அதன் வாரிசுகளைத்தான் பின்னால் திருப்பித் தந்தார்கள்.
அதுதானே இது?
ஒளிந்து ஒளிந்து வந்திருக்கிறது?"

ஆமாம் என்றிருக்கலாம்.
செலவில்லாத சொல்.
ஆனால் இத்தனை வருடத்தில் இருபது தலைமுறைப் பசுக்கள்.
ஒவ்வொன்றிலும் ஒருமுறை நாணயம் சுண்டப்படுகிறது.
இருபது முறையும் ஒரே பக்கம் விழவேண்டும்.
"பத்து லட்சத்தில் ஒன்று" என்றேன்.
"உங்கள் பசுவின் அப்பன் ஹாலந்துக்காரன்.
அவன் கொண்டுவந்திருப்பான்."

"பத்து லட்சத்தில் ஒன்று"
என்று திருப்பிச் சொன்னார்,
பூஜ்யம் இல்லை என்று மட்டும்
காதில் விழுந்தவர்போல.

காது நுனியில் துளி சதை எடுத்து அனுப்பட்டுமா,
தகப்பன் யாரென்று உறுதியாகிவிடும் என்றேன்.
வேண்டாம் என்றார்.
கன்றின் நெற்றியை வைக்கோலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.
படிவத்தில், நிறம் என்ற இடத்தில்
சிவப்பு என்று எழுதினேன்.

திரும்பும் வழியில்
தார்த்து மருத்துவமனையின் குறுஞ்செய்தி.
உறைபதனக் கட்டணம், இந்த ஆண்டுக்கு,
மாதக் கடைசிக்குள்.
ஐந்தாம் நாளிலேயே நின்றுபோன இரண்டு கருக்கள்,
என் பெயரும் பிறந்த தேதியும் ஒட்டிய குழல்களில்.
பின்னிருக்கையில் இருக்கிற அதே குளிர்தான்.
என்னிடம் இரண்டு சீட்டு,
தைவோவிடம் இரண்டு.
எது எந்தக் கட்டத்தில் விழுந்ததென்று
சோதித்துப் பார்க்கவா என்று
போன மாதமே கேட்டிருந்தார்கள்.
பதில் எழுதவில்லை.

வண்டியை ஓரங்கட்டிக்
கட்டணத்தை மட்டும் கட்டினேன்.

உர்வாஸ்தேயில் ஒரு காரி,
நேற்று மாலை சினைக்கு வந்தது.
மதியத்துக்குள் போகவேண்டும்.
கையுறை இரண்டுதான் மிச்சம்.