மீந்த படுக்கை

உஷுவாயாவில் என் கடைக்குக்
கதவைவிட ஜன்னல் பெரிது.
காலையில் மாத்தே குடித்த கையோடு
நேற்றைய விலையை ஈரத்துணியால் துடைப்பேன்,
வெள்ளை மார்க்கரில் இன்றையதை எழுதுவேன்.
உள்ளிருந்து எழுதுவதால்
எண்களைத் திருப்பிப் போட வேண்டும்.
இருபது வருடப் பழக்கத்தில்
வீட்டு மளிகைக் கணக்கிலும்
ஐந்து சில நாள் புறமுதுகு காட்டும்.

அண்டார்டிக்கா, பத்து இரவு.
ஒரு வருடம் முன்பே கட்டினால்
பதினோராயிரத்து எண்ணூறு டாலர்.
கப்பல் கிளம்ப ஒரு வாரம் இருக்கையில் ஏழாயிரம்.
மூன்று நாள் இருக்கையில் ஆறு.
காலிப் படுக்கை அழுகும் சரக்கு.
மீன்காரிக்குத் தெரிந்த கணக்குதான்,
பொழுது சாயச் சாயக் குரல் இறங்கும்.

அந்தக் குரலுக்குக் காத்திருப்பவர்கள்
மேட்டுத் தெரு விடுதிகளில் இருக்கிறார்கள்,
எட்டுப் பேர் அறையில்,
ஒரே பானையில் பாஸ்தா வேகவைத்துக்கொண்டு.
ஸ்தெனெக் அவர்களில் ஒருவன்.
ஒஸ்ட்ராவாவில் டிராம் பழுது பார்ப்பவன்,
நகக்கண்ணில் இன்னும் கிரீஸ்.
பதினொரு நாள் தவறாமல் வந்தான்,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று
எண்ணைப் படித்தான், உதட்டைப் பிதுக்கினான்.
"நாளைக்கு இன்னும் இறங்கும், நெலிடா."
இறங்கியது.
அவன் பர்ஸும் கூடவே இறங்கியது:
விடுதி வாடகை, ரொட்டி,
காற்று பறித்துப்போன தொப்பிக்கு மாற்றுத் தொப்பி.
மலிவுக்குக் காத்திருப்பதும் இங்கே மலிவில்லை
என்று சொல்ல வாயெடுப்பேன்.
வியாபாரி சொன்னால் யார் நம்புவார்கள்?

பன்னிரண்டாம் நாள் மதியம் ஒன்றேகாலுக்குத்
துறைமுகத்திலிருந்து போன்.
புவெனஸ் அயர்ஸில் மூடுபனி,
ஒரு விமானம் எழும்பவில்லை, ஒரு படுக்கை மீந்துவிட்டது.
மூன்று பேர் அறை, வட்ட ஜன்னல்.
நாலு மணிக்கு ஏணியைத் தூக்கிவிடுவோம்.
"நாலாயிரத்து இருநூறு. ஆள் கிடைத்தால் போதும்."

எழுதினேன்.
தெருவில் ஒரு நாய் மட்டும் படித்தது.

கடையைப் பூட்டிக்கொண்டு ஓடினேன்,
ஐம்பத்தெட்டு வயதில், வீட்டுச் செருப்போடு, மேட்டில்.
அவன் சலவை நிலையத்தில் உட்கார்ந்திருந்தான்,
யாருடையதோ இரவல் கால்சட்டையில்.
அவனுடைய உடுப்பெல்லாம்
கண்ணாடி வட்டத்துக்குள் சுழன்றுகொண்டிருந்தது.
இன்னும் நாற்பத்திரண்டு நிமிடம் என்றது இயந்திரம்,
கதவு திறக்காது என்றது.
டிராம் பழுது பார்ப்பவனின் கை
பின்னால் போய் எதையோ இழுத்தது, திறந்தது.
நுரையோடு அள்ளிப் பையில் திணித்தான்.
பன்னிரண்டு நாள் விலையைத் தவிர
வேறெதுவும் பேசாத மனிதன்
எவ்வளவு என்று கேட்கவே இல்லை.
கார்டை நீட்டினான், ஓடினான்.
துறைமுகப் பலகை நெடுகச் சொட்டுச் சொட்டாய்
சோப்புத் தண்ணீர்.

மறுநாள் ஒரு பெண்மணி வந்தாள்.
எழுபது இருக்கும். ஹாலிஃபாக்ஸிலிருந்து
மூன்று விமானம் மாறி வந்த வெர்னா.
பெட்டியில் சிவப்புச் சீட்டு,
அதில் கப்பலின் பெயரும் அறை எண்ணும்.
கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்,
அழவில்லை.
"என் படுக்கை எவ்வளவுக்குப் போயிற்று?"

ஜன்னலில் நேற்றைய எண் அப்படியே இருந்தது.
ஓடின ஓட்டத்தில் துடைக்க மறந்திருந்தேன்.
உள்ளிருந்து பார்த்தால் அது எண் போலத் தெரியாது,
ஏதோ கிறுக்கல்.

"ஒன்பதாயிரம்" என்றேன்.
இந்தக் கடையில் நான் ஏற்றிய ஒரே விலை.

"யாருக்கு?"
ஒரு டிராம் மெக்கானிக்குக்கு.
துணியெல்லாம் ஈரத்தோடு போயிருக்கிறான்.
"வட்ட ஜன்னலுக்குக் கீழே ஹீட்டர் உண்டு,
படத்தில் பார்த்தேன்" என்றாள்.
"அதில் காயப்போட்டிருப்பான்."

பெட்டியை இழுத்துக்கொண்டு வாசல்வரை போனவள்
வெளியே நின்று கண்ணாடியைப் படித்தாள்.
எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது,
நான் மேசையில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.
பிறகு தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்:
"அடுத்த கப்பல் எப்போது?
மேட்டுத் தெருவில் நல்ல விடுதி எது?"

நான் துணியை நனைத்தேன்.