வலது மணிக்கட்டு

வர்க்கௌஸில் பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் வாசலை ஒட்டி என் மேசை:
ஒரு தராசு, கொக்கி வைத்த ஐந்நூறு கிராம் எடைக்கல்,
நாற்பத்திரண்டு நீளம், இருபது உயரம், ஐந்து அகலம் என்று
அளந்து செய்த ஒரு மரப்பெட்டி.
மற்ற நாட்களில் பால்பண்ணையில் லாரிகளுக்கு நேரம் குறிப்பவள்.
இன்று கைத்துப்பாக்கிகளைச் சோதிப்பவள்.

கடையில் வாங்கிய பிடியை யாரும் அப்படியே வைத்திருப்பதில்லை.
வால்நட் கட்டையை அரத்தால் ராவி,
மரத்தூள் பசை அப்பி,
சுண்டுவிரலுக்கென்று ஒரு பள்ளம் தோண்டி.
செய்யலாம். எவ்வளவும் செய்யலாம்.
கையைச் சுற்றி வளைக்கக் கூடாது.
மணிக்கட்டைத் தொடக் கூடாது.
கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியே கையாகிவிடும்
என்பதுதான் விதிக்குப் பயம்.

காலையில் ஹில்ப்பா நூயாவின் பிடி
பெட்டிக்குள் அரை மில்லிமீட்டர் சிக்கியது.
படிக்கட்டில் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்தாள்,
தூள் அவள் சிவப்பு காலுறையில் படிந்தது.
பெட்டி செய்தவனுக்கு ஒரு மில்லிமீட்டர் வரை சலுகை உண்டு.
பிடி செதுக்கியவளுக்கு இல்லை.

பிறகு ஜல்மரி கெத்துனென்.
எடை தொள்ளாயிரத்து எண்பது.
பெட்டிக்குள் இறங்கியது.
குழலை நிமிர்த்தி, விசையில் எடைக்கல்லை மாட்டித் தூக்கினேன்,
முதல் தடவையிலேயே எழுந்தது.
காலணி கணுக்காலை மூடவில்லை.
"கையைக் காட்டுங்கள்."

வலது மணிக்கட்டில் வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை.
பார்கோடு. குவோப்பியோ மருத்துவமனை.

கடிகாரம், காப்பு, பட்டை
எதுவும் சுடும் கையில் ஆகாது.
"கழற்றுங்கள்."
"வெட்டினால்தான் வரும். வெட்டினால் கதவு திறக்காது."
எந்தக் கதவு என்று நான் கேட்கவில்லை.
அவனுக்குப் பின்னால் வரிசையில் ஏழு பேர்.
அவனே சொன்னான், தராசைப் பார்த்தபடி:
"ஆயிரத்து நானூற்று முப்பது. செவ்வாய்க்கிழமை கணக்கு."

என் அட்டவணையில் துப்பாக்கிக்கு உச்சவரம்பு ஆயிரத்து ஐந்நூறு.
அதை நான் நினைத்திருக்கக் கூடாது.
நினைத்தேன்.
மேசைமேல் இருந்த பெட்டியையும் பார்த்தேன்.

பட்டையைத் தராசில் போட்டால் ஒரு கிராம் தேறாது.
அது கையைத் தாங்காது என்று சத்தியம் செய்யத் தயார்.
தாங்காது என்று
எனக்கு எப்படித் தெரியும்?

மனப்பாடமாகத் தெரிந்த விதியை
மறுபடி புரட்டினேன், ஏதாவது அடிக்குறிப்பு கிடைக்காதா என்று.
தாள்தான் கசங்கியது.

அவன் கழிவறைக்குப் போனான்.
குழாய் நெடுநேரம் ஓடியது.
திரும்பியபோது கட்டைவிரல் முட்டி உரிந்து சிவந்திருந்தது,
பட்டை முழுசாக இடது கையில்,
பார்கோடின் மேல் சோப்பு நுரை.
"இடது கைக்கு விதி உண்டா?"
"இல்லை" என்றேன், அவன் கேட்டு முடிக்கும் முன்பே.
சோதிக்கப்பட்டது என்ற வில்லையை ஒட்டினேன்.

முதல் பத்தில் எண்பத்தாறு.
அவனுக்கு அது படுமோசம்.
எல்லோரும் இடது கையைப் பாக்கெட்டில் செருகி நிற்க
அவன் மட்டும் அதை வயிற்றோடு அணைத்து நின்றான்.
பிறகு தொண்ணூற்றொன்று, தொண்ணூறு,
மீதியை நான் பார்க்கவில்லை, ஒருவனுடைய காலணியில் தகராறு.
பதினேழாம் இடம் என்று பலகையில் இருந்தது.

முடிந்ததும் மறுசோதனைக்குக் குலுக்கினார்கள்.
அவன் எண்ணே வந்தது. இருவரும் சிரித்துவிட்டோம்.
எடைக்கல் மறுபடி எழுந்தது, இம்மி பிசகாமல்.
படிவத்தில் "மாற்றங்கள்" என்றொரு கட்டம்.
பிடியில் கிடையாது, விசையில் கிடையாது.
"இல்லை" என்று எழுதிக் கையெழுத்து கேட்டேன்.
உரிந்த விரலால் பேனாவை ஒருமாதிரிப் பிடித்து
தன் பெயரை எட்டாம் வகுப்புப் பையன்போல் எழுதினான்.

வாகன நிறுத்தத்தில் கண்ணாடியின் பனியைச்
சுரண்டிக்கொண்டிருந்தான், ஒற்றைக் கையால்.
இடது கை சட்டைக்குள்.
குவோப்பியோவுக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர்.

பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன்.
ஹில்ப்பாவின் வால்நட் தூள்,
எள்ளளவு.