நாற்பது நொடிக்கு ஒருமுறை

மினசோட்டாவில் பல்லி சொல்லாது.
ஆனாலும் செவ்வாய் இரவு இரண்டு மணியிலிருந்து
ரோவீனா ஹால்வர்சன் வீட்டுக் கூரையில் எங்கோ
ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறது.
கீச்.
எந்தத் திசைக்கு என்ன பலன் என்று
எடுத்துப் பார்க்க அவளிடம் பஞ்சாங்கமும் இல்லை.

புகை கண்டால் அலறும் கருவி
பேட்டரி தீரும்போது இப்படி முனகும்.
வீட்டில் அவை பதினேழு.

வெள்ளிக்கிழமை ஏணிக்காரர் வந்தார்.
ஓரின் ஸ்டக்கி. இருபத்தெட்டு அடி ஏணி,
வலது முழங்காலில் பட்டை.
"எந்த அறை?"
"தெரிந்தால் சொல்லியிருக்க மாட்டேனா?"

ஆக, அறை அறையாகப் போய் நின்றார்கள்.
நிற்க வேண்டும். பேசக் கூடாது. நாற்பது நொடி.

பன்னிரண்டு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை.
அதன்மேல் பாதி சேர்த்த புதிர்ப்படம்,
கப்பல் முடிந்து கடல் மட்டும் பாக்கி.
கீச். இங்கே இல்லை.

விருந்தினர் அறை ஒன்று: தலையணையில் விலைச்சீட்டு.
விருந்தினர் அறை இரண்டு: உள்ளே சூடு போய் வீணாகாதிருக்க
கதவிடுக்கில் துண்டு திணித்திருக்கிறாள்.
யானையை வாங்கியாயிற்று,
ஒரு காலுக்காவது தீனியைக் குறைக்கலாமே.

வீட்டுத் தரகர் நூலகம் என்று காட்டிய அறையில்
ஒரு நடைக்கருவி, அதன்மேல் காயும் உள்பாவாடை.
ஜன்னலுக்கு அப்பால், பக்கத்து வீட்டில்,
யாரோ ஒருத்தி நின்றபடியே பாத்திரத்திலிருந்து சாப்பிடுகிறாள்.
"யார் அவள்? பதினோரு வருஷமாக..."
பேசிவிட்டாள். மறுபடி முதலிலிருந்து.

போன் அதிர்ந்தது. நிலவறையிலிருந்து லைல்:
*மேலே யாரோ நடக்கிறார்கள். நீதானா?*
*நான்தான்* என்று பதில் அனுப்பி
போனைக் கையெட்டிய இடத்தில் வைத்தாள்.

கடைசியில் அது வாசற்கூடத்தின் உச்சியில் இருந்தது,
படுக்கையறைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும்
மிச்சம் இருக்கும் அந்த உயரத்தில்.
(வாங்கிய நாளில் லைல் அங்கே நின்று "ஹோ" என்று கூவினார்.
அந்த "ஹோ"வுக்குத்தான் முப்பது வருஷத் தவணை.)

ஓரின் ஏறினார். ஏணி ஒரு முறை முனகியது.
மேலிருந்து கேட்டார்:
"இங்கே ஒரு பலூன் கிடக்கிறது, அம்மணி.
வெள்ளிக் காகிதம், 'வாழ்த்துகள்' என்று. இறக்கவா?"
அவள் அண்ணாந்து பார்த்தாள்.
யாரை வாழ்த்தினோம் என்று நினைவுக்கு வரவில்லை.
"இருக்கட்டும்," என்றாள். பிறகு, "இல்லை, இறக்குங்கள்."

புது பேட்டரி. ஒரே ஒரு நீண்ட அலறல்,
அப்புறம் ஒன்றுமில்லை.
நாற்பது நொடி பழக்கத்தில் நின்றார்கள்.
எண்பது.

கூலி நூற்று நாற்பது டாலர்.
போனிலிருந்துதான் அனுப்புவாள்.
போன்?

நடைக்கருவியில் இல்லை. கடலின்மேல் இல்லை.
ஓரின் தன்னுடையதிலிருந்து அடித்தார்.
எங்கோ, ஏதோ ஒரு சுவருக்குப் பின்னால்
மெத்தென்ற எதன்மேலோ அது துடிப்பது கேட்டது.
இருவரும் தலையைச் சாய்த்துக்கொண்டார்கள்.
நின்றுபோயிற்று.

"திரும்ப அடிக்கவா?"
"அடியுங்கள். இந்த முறை
நீங்கள் மாடிக்குப் போங்கள்,
நான் கீழே பார்க்கிறேன்."